தழும்பு போடுகிற வேலை

அக்காவின் தொழிலைச் சொன்னால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். புத்தம்புது எலெக்ட்ரிக் கிட்டாரை ஐம்பது வருஷம் அடிபட்ட கிட்டாராக மாற்றுவது. மர நாற்காலிகளுக்கு மெருகு போடும் கடையில் பத்து வருஷம் பழசைப் புதுசாக்கினாள். அந்தக் கடையை மூடியதும் கிட்டார்ப் பட்டறையில் சேர்ந்து, பதினைந்து வருஷமாகப் புதுசைப் பழசாக்குகிறாள். உலகம் தலைகீழாய்ப் போனால் நமக்கென்ன, இரண்டுக்கும் உப்புத்தாள் ஒன்றுதானே என்பாள்.

வார்னிஷ் காய்ந்த மரத்தைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, சூடான காற்றைக் காட்டினால் முடி மாதிரி விரிசல் ஓடும். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் வெள்ளைத் தகட்டைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு வாரத்தில் கிழவன் பல்லாக மஞ்சளடிக்கும். வாசிப்பவனின் கை உரசும் மேல்விளிம்பில் உப்புத்தாள், பெல்ட் படும் கிட்டார் முதுகில் சாவிக்கொத்துக் கீறல். இதையெல்லாம் வாங்குகிறவர்கள் யார் என்கிறீர்கள்? உழைக்காமலே கை காய்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற கூட்டம். காசு அவர்களிடம் இருக்கிறது, தூசு அக்காவின் நெஞ்சில் இருக்கிறது.

பட்டறையில் முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். புருஷன் போன பிறகு அவனோடுதான் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். அவன் ஹோட்டலிலும் விருந்து மண்டபங்களிலும் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறவன். பத்தொன்பது வயதில் எவனோ வாசித்துச் சலித்த ஒரு கிட்டாரை வாங்கினான், இருபத்தாறு வருஷமாக அதே கிட்டார். அதில் சின்னச் சுவிட்சு ஒன்று, ஐந்து இடத்தில் நிற்கும். ஒரு கோடிக்குத் தள்ளினால் குழையும், மறு கோடிக்குத் தள்ளினால் ஊசியாய்க் குத்தும். நடுவில் நிறுத்தினால் ஜலதோஷம் பிடித்தவன் பாடுகிற மாதிரி ஒரு குரல் வரும். தாலாட்டும் வாசிக்கலாம், தகரத்தைப் பிய்க்கிற ஆட்டப்பாட்டும் வாசிக்கலாம். எந்தப் பாடகன் வந்தாலும் தம்பிக்கு வேலை இருந்தது அந்தச் சுவிட்சால்தான்.

முதலாளிக்கு ஒரு புது மாடல் வேண்டியிருந்தது. பார்த்தால் பழசு, கேட்டால் எல்லாச் சத்தமும் வர வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்கா சொன்னாள், என் தம்பியிடம் ஒன்று இருக்கிறது சார் என்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். தம்பி மூன்று தடவை முடியாது என்றான்.

"ஒரு மாசம்தான்டா. என் கண்ணு முன்னாடியே இருக்கும். நான் பொறுப்பு" என்றாள்.

நான் பொறுப்பு என்றதும் அவன் உறையோடு எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அந்தக் கிட்டாரில் நாற்பத்தொரு தழும்புகள் இருந்தன. மெல்லிய தாளை மேலே விரித்து ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டாள். சிகரெட் சுட்ட இடம், மழையில் நனைந்து உப்பிய இடம். அடியோரத்தில் விரல் நீளத்துக்கு மரம் பெயர்ந்த இடம் அப்பா கொடுத்தது. தம்பி வேலைக்குப் போகாமல் வாசித்துக்கொண்டே திரிகிறான் என்று ஒருநாள் மாடிப்படியில் தூக்கி வீசினார். அப்போது குறுக்கே விழுந்து மீதியைக் காப்பாற்றியவள் அக்கா. அதே பெயர்ப்பை இப்போது புதுக் கிட்டார்களில் உளி வைத்து வாரத்துக்கு நாலு போட்டாள். முதல் தடவை உளியை இரண்டு தரம் கீழே வைத்து எடுத்தாள். பத்தாவது தடவை ரேடியோ கேட்டுக்கொண்டே போட்டாள்.

சொன்ன மாதிரியே ஒரு மாசத்தில் முதலாளி கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். அவளே சுமந்துகொண்டு வந்து தம்பி கையில் கொடுத்தாள். அவன் சுவிட்சைத் தள்ளித் தள்ளிக் கொஞ்சம் வாசித்துப் பார்த்துவிட்டு உறையில் போட்டான். புது மாடல் சுடச்சுட விற்றது. அந்த மாசமே அக்காவைப் பழசாக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலி கிடைத்தது, பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

அதன்பின் தம்பி வீட்டில் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொன்னான். நாற்பத்தைந்து வயதில் பயலுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கா பக்கத்து வீட்டில் பெருமையடித்தாள்.

ஆறு மாசம் கழித்து, சத்தத்தைக் கூட்டுகிற திருகு கரகரக்கிறது என்றான். இந்த மாதிரி வேலையை அவனே செய்துகொள்வான், வேறு யாரையும் தொட விட மாட்டான். இந்தத் தடவை, உங்கள் பட்டறையிலேயே பார்க்கச் சொல் என்று நீட்டினான். சோம்பேறி என்று வைதுகொண்டே வாங்கிப் போனாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் வெள்ளைத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே, எந்த வாடிக்கையாளனும் பார்க்காத மூலையில், ஆணி முனையால் குத்திய இரண்டு புள்ளிகள் இருந்தன. எது யார் கைவேலை என்று தெரிவதற்காகப் பழசாக்கும் பிரிவில் ஆளுக்கொரு குறி உண்டு. இரண்டு புள்ளி அவளுடையது.

அப்பா பெயர்த்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அது அப்பா பெயர்த்ததல்ல, அவள் பெயர்த்தது. ஆறு மாசமாக வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்ததைத் தினமும் துடைத்தவளுக்கு அது தன் கைவேலை என்று தெரியவில்லை. இப்படியும் ஒரு கெட்டிக்காரத்தனம்!

முதலாளியிடம் ஓடினாள். அவர் பதறவில்லை. அவள் செய்த முதல் மாதிரியையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்களாம், கட்டியிருந்த அடையாளச் சீட்டு மாறியிருக்குமாம். மாதிரி என்று நினைத்து ஒரு வெளியூர் வியாபாரி எடுத்துப் போனது அசலாக இருக்கலாமாம். அவர் அதை எப்போதோ யாருக்கோ விற்றிருப்பார். யானை வாயில் போன கரும்பு. திரும்பிக் கேட்டால் பட்டறையின் பெயர் கெட்டுப்போகும் என்றார் முதலாளி.

"நாங்களே கண்டுபிடிக்கலைன்னா பாத்துக்கோ. உன் கைவேலைக்கு இதுக்கு மேல என்ன பாராட்டு வேணும்?" என்றார்.

பாராட்டை வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க ஒரு தழும்பும் போடவில்லை.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"இது உன்னோடது இல்லடா."

அவன் கம்பியை முறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா."

"எப்போலேருந்து?"

"நீ கொண்டுவந்து குடுத்தியே, அன்னைக்கே. நடு சுவிட்ச்ல வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. இது சுத்தமாப் பாடுது. அது அப்படிப் பாடாது."

"அப்போ ஏன்டா கேக்கல?"

அவன் மிச்சக் கம்பியை நறுக்கினான். "நீயும் பதினஞ்சு வருஷம் தூசிக்குள்ள நின்ன. அந்த மாசம்தானே உனக்கு சூப்பர்வைசர் வேலை குடுத்தாங்க. சரி, அக்காவுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

அவன் என்ன சொல்கிறான் என்பது அவள் மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏறியதும் உடம்பு கூசியது. ஆறு மாசமாக இவன் தட்டைக் கழுவியதும், மரியாதையாகப் பேசியதும், தன் பொருளை விற்று நாற்காலி வாங்கியவளோடு ஒரே வீட்டில் இருப்பதற்கான நாகரிகம். அவள் கையால் போட்ட சோற்றை அப்படி நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறான்.

சீட்டு மாறியதைச் சொன்னாள். படம் எடுத்ததைச் சொன்னாள். வியாபாரியை, இரண்டு புள்ளியை, முதலாளி பேசியதை, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, இட்டுக்கட்டினால் எப்படியிருக்குமோ அப்படியே அவள் காதுக்கே கேட்டது. திருடாதவளுக்கே தேள் கொட்டிவிட்டது. கண்ணில் நீர் வந்தது, அதுவும் நடிப்பாகத் தெரியுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வைது தீர்த்திருக்கலாம். கிட்டாரைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவளும் பதிலுக்குக் கத்தி, சத்தியம் செய்து, சண்டை போட்டிருப்பாள். மன்னித்துவிட்டு உட்கார்ந்திருப்பவனிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். எழுந்து வந்து, அவள் தோளில் கை வைத்தான்.

"அழாதக்கா. நீ பண்ணலன்னே வச்சுக்கலாம்" என்றான்.