புளித்த இரத்தம்

தங்கையின் குழந்தை அழாமல் பிறந்தது. மூச்சு தாமதித்ததில் மூளை அடிபட்டிருக்குமோ என்று இரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் அப்பாவான மச்சானுக்குத் தேயிலை ஆலையில், அரைத்த கொழுந்தைப் புளிக்கவிடும் வேலை.

"ரத்தத்துல புளிப்பு, அதான் அமிலம், கூட இருக்குண்ணே" என்றார் தமிழ்த் தாதி.

மச்சான் வெளிறிப்போனார். "கூடப் புளிச்சா கொட்டிடுவோமே!"

"அட, இது உங்க தேத்தூள் இல்லலா! புள்ள மூச்சு விட விட இறங்கும். இறங்கலேன்னாதான் பயம்."

ஜன்னலில் மழையா பனியா என்று தெரியாத வெளிச்சம். அடுத்த சோதனையில் புளிப்பு குறைந்திருந்தது. மூளையைப் பற்றி இப்போதே சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மச்சான் புளிப்பு குறைந்ததை மட்டும் பிடித்துக்கொண்டார். பிரிஞ்சாங், கோலா தெர்லா என்று பக்கத்து மலையூர்களில் இருக்கும் எல்லா உறவுக்கும் போன் போட்டு, "இறங்குது, இறங்குது" என்றார். எது இறங்குகிறது என்று கேட்டவர்களிடமும் "இறங்குது" என்றே சொல்லி அழுதார்.