ஹாரன் அடிக்காத மெட்டடார்

உட்கார்ந்திருக்கும் வாத்தைப் பார்க்க எதற்குக் கடக்வாஸ்லா அணை வரை வர வேண்டும்? ஆபிரகாம் சார் இப்படிக் கேட்டபோது நாங்கள் எல்லோரும் வேனில் இருந்தோம். ஓட்டி வந்த ஜாபர் சாதிக் ஹாரன் அடிக்க மறுத்துவிட்டார்.

இத்தனைக்கும் ஹாரன் வேடிக்கையைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். மேலப்பாளையத்திலிருந்து பிழைக்க வந்து, எழுபத்தாறில் பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கியவர். குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் எங்கள் ராணுவ அலுவலகக் குடும்பங்களை அணைக்கரைக்கு அழைத்துப் போவார். இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த செம்பு நிற வாத்துகள் அங்கே கூட்டம் கூட்டமாக மேயும். ஜாபர் ஹாரனை நீளமாக ஓர் அழுத்து அழுத்துவார். அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பும். பிள்ளைகள் கைதட்ட, அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

மூன்றாவது குளிர்காலத்தில் வாத்துகள் அக்கரைக்கு ஒதுங்கிவிட்டன. அங்கே மீன் பிடிக்கும் கோண்டிபா கோபமே இல்லாமல் மராத்தியில் கேட்டார், சாப்பிடும்போதெல்லாம் எழுப்பிவிட்டால் விருந்தாளி தங்குவானா என்று. அது ஜாபருக்குச் சுருக்கென்றது. வீட்டில் மனைவி சைனபுவிடம் சொன்னார்.

"தட்டுல கை வச்சவங்கள எழுப்புறது நம்ம பழக்கமா? ஒயரைக் கழட்டிப் போடுங்க" என்றாள் சைனபு.

அதிலிருந்து கடைசித் திருப்பத்தில் வேனை நிறுத்தி, ஹாரன் ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எத்தனை பேர் கேட்டாலும் நாளுக்கு ஒரு நடைதான். மதியச் சாப்பாடு கோண்டிபா வீட்டுச் சோளரொட்டி. ஆரஞ்சுத் தோல்கூட வேனிலேயே திரும்பி வர வேண்டும்.

அப்படியொரு ஞாயிறன்றுதான் ஆபிரகாம் சார் வந்தார். எந்த வண்டி பிடிப்பது என்று அலுவலகத்தில் முடிவு செய்பவர் அவர். அவர் மனம் கோணினால் ஜாபரின் ஞாயிறுகள் போச்சு.

"ஹாரன் அடி பாய். உக்காந்திருக்கற வாத்தைக் கேம்ப் மார்க்கெட்லயே பாக்கலாமே."

"அடிக்க மாட்டேன் சார். அரை மணி நேரம் சும்மா உக்காருங்க."

"அப்ப அடுத்த வாரம் வேற வண்டி பாக்கட்டுமா?"

ஜாபரின் கை சட்டைப்பைக்குப் போனது. ஒயர் விரலில் பட்டது. வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"பாருங்க சார்."

எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு ஜோடி மட்டும் நீந்தி வந்து கரையேறியது. ஆபிரகாமின் மனைவி மில்ட்ரெட் கணவரின் கையை இறுகப் பிடித்தாள். பத்தடி தூரத்தில் வாத்து புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. சரக், சரக். இத்தனை வருடத்தில் ஜாபரே கேட்டிராத சத்தம்.

சொன்னபடியே அடுத்த வாரம் ஆபிரகாம் சார் வேறு வண்டி பிடித்தார். பாதிக் குடும்பங்கள் அவரோடு போயின. மில்ட்ரெட்டோ தன் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு ஜாபரின் வேனில் ஏறினாள். இரண்டு குளிர்காலம் வேன் அரைகுறையாகத்தான் ஓடியது. அக்கரை வாத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக இக்கரைக்கு வந்தன. அதன்பின் ஒரு ஞாயிறு ஆபிரகாம் சாரும் வந்தார். கடைசித் திருப்பத்தில் வேன் நின்றதும், பேசிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து "உஷ்" என்றது அவர்தான்.

ஏரிக்கரைக்கோ காட்டுக்கோ ஆட்களை ஏற்றிப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். புல் பிய்க்கும் அந்தச் சத்தத்தை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.