மானுக்கு வந்த நாய்

வன்னியில் சண்டை முடிகிற கிழமை நான் மான் சுடப் போனேன். அன்றைக்கு நடந்ததை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

அப்போது டென்மார்க்கில், ரண்டர்ஸில் இருந்தோம். பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டுகிறவன் டெனிஷ்காரன், வேட்டைக்காரன். பன்னிரண்டு வருடம் ஒன்றாக நின்றோம். அவன்தான் என்னை வேட்டை லைசென்ஸ் எடுக்கச் சொன்னான். நான் ஊரில் ஏழாம் வகுப்போடு நின்றவன். சோதனை டெனிஷில். இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரம் பாஸ்.

என் தங்கச்சி வன்னிக்குள் இருந்தாள். அவளும் புருசனும். தை மாதம் கடைசியாகக் கதைத்தாள். "எங்கயிருந்தெண்டாலும் ஒருக்கா அடிப்பன் அண்ணை. உங்கட நம்பர் ஒண்டுதான் எனக்குப் பாடம்" என்றாள். பிறகு ஒரு கதையும் இல்லை. நான் நம்பரை மாற்றவில்லை. குளிக்கப் போனால் போனைக் கதவடியில் கதிரையில் வைத்துவிட்டுத்தான் போவேன்.

சண்டையை நிறுத்தச் சொல்லி நாலு மாதம் ஊர்வலம் போனேன். பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கு. பனியிலும் நின்றோம், மழையிலும் நின்றோம். வெளிநாட்டு அமைச்சுக் கந்தோர் வாசலில் கத்தினோம். உள்ளேயிருந்து ஒருவன் வந்து கடிதத்தை வாங்கினான். நன்றி சொன்னான். கதவைச் சாத்தினான். அடுத்த முறையும் அதே ஆள், அதே நன்றி. அந்த நன்றியைக் கேட்டால் அவனை அடிக்க வேண்டும் போல் இருக்கும்.

மே மாத நடுவில் கொம்பு மான் வேட்டை தொடங்கும். அந்த வருடம் அது சனிக்கிழமை. அன்றைக்கும் ஊர்வலத்துக்குப் பஸ் இருந்தது. முதல் நாள் பின்னேரம் பஸ் ஒழுங்கு செய்கிற பொடியன் போன் எடுத்தான்.

"அண்ணை, விடிய நாலரைக்கு பஸ். வாறியள்தானே?"

"இல்லை."

"ஏன், சுகமில்லையோ?"

"மான் சுடப் போறன்."



"அங்க சனம் சாகுது, இங்க ராசா வேட்டைக்கு வெளிக்கிடுறார். வடிவாச் சுடுங்கோ. எங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கோ, என்ன."

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சரிதான். ஆனால் இன்னொரு முறை அந்தக் கதவைச் சாத்துவதைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆள் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் போல் இருந்தது.

மனைவி சாப்பாடு கட்டித் தந்தாள். வாசலில் ஒன்றுதான் சொன்னாள்.

"போனை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

"ஓம்."

காடு அரைமணித் தூரம். விடிகிற நேரம் நல்ல மழை. ராப்ஸ் கடுகு வயல் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. காரை நிறுத்தியதும் அந்த டெனிஷ் நண்பன் தன் போனை நிறுத்திக் காருக்குள் போட்டான். என்னைப் பார்த்தான்.

"நிறுத்திவிட்டேன்" என்றேன்.

பொய். சத்தத்தைத்தான் நிறுத்தினேன். அடித்தால் அதிரும்படி விட்டு, சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்தேன். துவக்குப் பிடிக்கிறவன் எவனும் அப்படிச் செய்யமாட்டான். நான் செய்தேன்.

அவன் காட்டின் மற்றக் கரைக்குப் போனான். நான் ஏணியில் ஏறி, வேட்டைக்குக் கட்டிய மரக்கூட்டில் இருந்தேன். மழை கூரையில் அடித்தது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வயற்கரையில் கொம்பு மான் வந்து நின்றது. இந்த ஊர் மான் சின்னது, ஒரு கிடாய் ஆட்டளவுதான். பக்கவாட்டில் திரும்பியது. குறி பார்த்தேன். விரலை அழுத்துகிற நேரம் நெஞ்சில் போன் அதிர்ந்தது.

வெடி போய்விட்டது. மான் கூனிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. நனைந்த கையால் போனை இழுத்து எடுத்தேன். நின்றுவிட்டது. திரையில் நம்பர் இல்லை. திருப்பி எடுக்க வழியில்லை.

வெடிச் சத்தம் கேட்டு நண்பன் வந்தான். மான் நின்ற இடத்தில் குனிந்து புல்லைப் பார்த்தான். இரத்தம் கொஞ்சம், பச்சையாக ஏதோ கொஞ்சம்.

"குடலில் பட்டிருக்கிறது" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. காருக்குப் போய்ப் போன் எடுத்தான்.

இந்த நாட்டில் காயப்பட்ட மானை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. தேடுவதற்கென்று நாயோடு ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் வருவார்கள். குடலில் பட்டதைத் துரத்தவும் கூடாது. அது படுத்துக் கிடக்க நேரம் கொடுக்க வேண்டும். அப்படித்தான் முறை. மூன்று மணித்தியாலம் காருக்குள் இருந்தோம். அவன் கோப்பி ஊற்றினான். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை.

நாய்க்காரி வந்தாள். அறுபது வயது இருக்கும். மழைக் கோட்டு. நாய்க்கு நீளமான வார். நாய் மணந்து மணந்து போக, நாங்கள் பின்னால் போனோம். மழை இரத்தத்தைக் கழுவியிருந்தது. நாய் தவறியது. திரும்பவும் தொடங்கிய இடத்துக்கு வந்தாள். திரும்பவும் போனோம். தடம் வேலி தாண்டிப் பக்கத்து ஆளின் காட்டுக்குள் போனது. அவனுக்குப் போன் எடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழும்பி வந்து படலையைத் திறந்தான்.

"பாவம், வலியோடு கிடக்கும்" என்றான். அவனும் எங்களோடு நடந்தான்.

எனக்குள் ஆத்திரம் ஏறத் தொடங்கியது அப்போதுதான்.

மான் ஒரு பற்றைக்குள் படுத்திருந்தது. உயிர் இருந்தது. என்னைப் பார்த்தது. நானே முடித்தேன்.

நண்பன் கிறிஸ்மஸ் மரத்தில் சின்னக் கொப்பு ஒன்று முறித்து அதன் வாயில் வைத்தான். கடைசிச் சாப்பாடு என்று அர்த்தம். மூன்று பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். மழையில் பேசாமல் நின்றார்கள். நாய்க்காரி இன்னொரு கொப்பை இரத்தத்தில் தொட்டு, சுட்டவன் தொப்பியில் செருகுவது வழக்கம் என்று என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கிச் சேற்றில் எறிந்தேன்.

"என்ன?" என்றாள்.

"என் தங்கச்சி அங்கே கிடக்கிறாள். எங்கள் சனம் கிடக்கிறது. தேட ஒரு நாய் இல்லை. நீங்கள் மானுக்குத் தொப்பி கழற்றுகிறீர்கள்."

என் டெனிஷ் அவ்வளவுதான். அவள் குனிந்து கொப்பை எடுத்தாள்.

"சிறிலங்காவா? நான் டிவியில் பார்த்தேன்."

"பார்த்தீர்களா? பிறகு?"

"பிறகு வானிலை சொன்னார்கள்."

கேலி செய்யவில்லை அவள். நடந்ததைச் சொன்னாள். அது இன்னும் மோசம். நான் காருக்கு நடந்தேன். மானை அவர்களே கிழித்துத் துப்புரவாக்கி இழுத்து வந்தார்கள்.

வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் நண்பன் கேட்டான்.

"சுடும்போது போன் வந்ததா?"

"ம்."

"சொல்லியிருந்தால் உன்னைக் கூட்டிப் போயிருக்கமாட்டேன். உன் வீட்டில் வந்து உன்னோடு இருந்திருப்பேன்."

நல்ல மனிசன். அன்றைக்கு அவனையும் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

இரண்டு நாளில் சண்டை முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். நான் பன்றி வெட்டிக்கொண்டு நின்றேன். நண்பன் கொம்பை அவித்து, பலகையில் அடித்துக் கொண்டுவந்து தந்தான். கராஜில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு தங்கச்சி எடுத்தாள்.

"அண்ணை, நான்தான். முகாமில நிக்கிறன்."

"அவர்?"

"இல்லை. வயித்தில பட்டது. தூக்க ஆளில்லை. விட்டிட்டு வந்தனான்."

அவளே தொடர்ந்தாள்.

"சண்டைக்குள்ள நிக்கேக்கை ஒருத்தற்ற சற்றலைட் போனில ஒருக்கா அடிச்சனான். அவருக்கு அப்ப உயிர் இருந்தது. அண்ணையோட ஒரு சொல்லுக் கதைக்கோணும் எண்டு நிண்டவர். நீங்கள் எடுக்கேல்லை."

"எண்டைக்கு?"

"சனிக்கிழமை. எங்க நிண்டனீங்கள்?"

"வேலையில" என்றேன்.

"சனிக்கிழமையுமோ அண்ணை?"

"ஓம்" என்றேன். "சனிக்கிழமையும்."