காலியான கேரியர்

வால்பாறைக்கு சைக்கிளில் போய்வந்த அனுபவத்தை அவிநாசியில் ஒரு டீக்கடையில் நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். "எறக்கத்துல பிரேக் கட்டை தீஞ்சுபோச்சுங்க. அடுத்த தடவைக்குள்ள வண்டி எடையைக் கொறைக்கோணும்."

காட்டுவதற்காக அந்தக் கட்டையை மேசையில் வைத்தார். தீய்ந்த ரப்பர் வாசம். என் அப்பாவின் செருப்பு வாசம்.

சின்ன வயதில் ஒருநாள் சென்னிமலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரே சைக்கிளில் மூவரும் இறங்கினோம். நான் முன்கம்பியில், அம்மா பின்னால் கேரியரில். பாதி இறக்கத்தில் பிரேக் அறுந்துவிட்டது. அப்பா செருப்புக் காலை முன்சக்கரத்தில் வைத்து அழுத்தினார். புகைதான் வந்தது, வேகம் அடங்கவில்லை. கீழே சாலை நிறைய ஆட்கள். அப்போதும் அவர், "ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்குங்க!" என்றுதான் கத்தினார். அவர் நெஞ்சு என் முதுகில் படபடவென்று இடித்தது.

திடீரென்று வேகம் தணிந்தது. செருப்பு பிடித்துக்கொண்டது. வண்டி நின்றதும் அப்பா திரும்பினார். கேரியர் காலி.

மேல் வளைவிலிருந்து அம்மா நொண்டியபடி வந்தாள். முழங்கையெல்லாம் ரத்தம்.

"உழுந்துட்டயா புள்ள?"

"உழுகலீங்க. பாரம் கொறையட்டும்னு குதிச்சுபோட்டேன்."

நண்பர் என்னிடம் கேட்டார். "எடை கொறைக்க உங்களுக்கு ஏதாச்சும் வழி தெரியுங்களா?"

தெரிந்த ஒரே வழியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.