மாப்பிள்ளையின் ஈரச்சுவர்

என் தங்கை கணவர் உலகத்திலேயே கஷ்டமான வேலை பார்க்கிறார். கம்ப்யூட்டரிடம், இப்படி ஒரு படம் போடு என்று எழுதிக் கேட்பார். அது போடும். அதற்குச் சம்பளமும் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். கிழவர் முகம் என்று நீங்களோ நானோ எழுதினால் ஏஐ மெழுகு பூசிய மூஞ்சியை நீட்டும். அவர் எழுதினால் மூக்கோரத்துத் துளைகள், சவரம் செய்த இடத்துத் தடிப்பு, உதட்டு வெடிப்பு எல்லாம் வரும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அப்போதுதான் மேடுபள்ளம் தெரியும் என்பது அவருடைய வேதவாக்கு. ஆபீஸில் அவருக்குப் பெயரே 'சொரசொரப்பு'தான். அதைப் பட்டம் என்று நினைத்துப் பூரித்துப்போகிற மனிதர்.

இப்பேர்ப்பட்டவர் குடியிருக்கும் வாடகை வீட்டில் படுக்கையறைச் சுவர் ஊறிப்போனது. பெயிண்ட் கொப்பளித்து, அடியில் உப்புப் பூத்து, மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. அதை ஒட்டிப் படுக்கும் மகளுக்கு மூச்சு இழுத்தது. முதலில் சுவரைச் சரிசெய்யுங்கள் என்றார் டாக்டர். மாப்பிள்ளையோ சுவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பார்த்து வர்ணனை எழுதிக்கொண்டிருந்தார்.

"ரசிச்சது போதும். வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க" என்றாள் தங்கை.

வீட்டுக்காரர் இருப்பது வேறு ஊரில். ஒரு போட்டோ அனுப்பினால் முடிந்தது. ஆனால் சொரசொரப்பு சும்மா எடுப்பாரா? விளக்கை அணைத்தார். மனைவி கையில் டார்ச்சைக் கொடுத்துப் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு கொப்புளமும் எழுந்து நிற்கும்வரை விடவில்லை.

உடனே பதில் வந்தது. "பிரமாதம் தம்பி! நிஜம் மாதிரியே இருக்கு. ஆனா என்கிட்டயேவா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன மாதம்தான் மாப்பிள்ளை தன் திறமையைக் காட்ட, அவருடைய புதுக் காரைத் துருப்பிடித்த மாதிரி படம் செய்து அனுப்பியிருந்தார். மனிதர் பதறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. இப்போது மாப்பிள்ளை வீடியோ அனுப்பினார். "ஓ, வீடியோவும் பண்ணுதா அது?" என்று பதில் வந்தது. போன் போட்டுக் கெஞ்சினார். அந்தப் பக்கம் சிரிப்புதான் கேட்டது.

அன்று சாயங்காலம் நான் போனபோது தங்கை துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம்ணே. சுவர் காஞ்சதும் இவர் கூப்பிடட்டும்."

கட்டிலில் பாப்பாவின் நெஞ்சு விசில் அடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவசரமாகப் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தேன். ஒரே கலங்கல், மூலையில் என் கட்டைவிரல். தங்கையிடம் நம்பர் வாங்கி, 'நான் உங்க வீட்டுல குடியிருக்கறவர் மச்சான். சுவர் ஈரம், குழந்தைக்கு முடியலை' என்று எழுதி அனுப்பினேன்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்ன மச்சான் இது? சொரசொரப்பே தெரியலை. யாரு நம்புவா?"

"அடடா, நிஜமாவா? அவர் விளையாடறார்னு இருந்துட்டேன்" என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நின்றார்.

சுவர் காய்ந்தது. பாப்பா இப்போது இழுப்பில்லாமல் தூங்குகிறாள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், மாப்பிள்ளை எழுதும் எல்லா வர்ணனைக்கும் கடைசியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: படம் லேசாகக் கலங்கியிருக்க வேண்டும், மூலையில் தடித்த கட்டைவிரல், நகத்தில் அழுக்கு. ஆபீஸில் ஏகப்பட்ட கைதட்டலாம்.

"அழுக்கையாவது எடுத்துடுங்க மாப்ள" என்றேன்.

"அப்புறம் யாரும் நம்பமாட்டாங்க மச்சான்" என்றார்.