எண்பத்தேழு பேரும் ஒரே போனும்

குழாய்க்காரரின் மனைவிக்கு அந்த வட்டாரம் வைத்திருந்த பெயர் போன் அக்கா. அவரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. சமையலறை ஜன்னலோரத்தில், உப்புச் சாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியில்தான் அந்தக் குரல் குடியிருந்தது. "எங்க ஒழுகுது? சொட்டுச் சொட்டாவா, தாரையாவா?" என்று முதலில் கேட்பார். சொட்டு என்றால் நாளைக்கு. தாரை என்றால், "மெயின் வால்வை மூடுங்க, அவர் கிளம்பிட்டார்." அந்த நேரத்தில் குழாய்க்காரர் பெரும்பாலும் வேறொரு வீட்டுத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார், கிளம்பியிருப்பது அக்காவின் வாக்கு மட்டுமே. ஆனால் அரை மணியில் ஆள் வந்து நிற்பார்.

குழாய்க்காரர் அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர். மேற்பார்வையாளர் செய்த பிழைக்காக, குடியிருப்போர் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க இவர் வசவு வாங்கினார். அன்று மாலை, முதுகில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து அலுவலக மேசைமேல் வைத்துவிட்டுப் பனியனோடு வீடு வந்து சேர்ந்தார். "இனிமே அடுத்தவன் பேர் போட்ட சட்டை என் உடம்புல ஏறாது" என்றார். பேச்சில் சிக்கனமானவர், ஆகவே சொன்ன சொல் சபதமாகவே நின்றது. மறுநாளே அக்கா தொழிலுக்கென ஒரு தனி எண் வாங்கினார். பதினோரு ஆண்டுகளாக அந்தச் சபதத்துக்குக் காவல் இருந்தது அந்த எண்தான்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு மேல், அந்த வீட்டுக்குப் போன் செய்வார். போட்ட இணைப்பு கசிவதாயிருந்தால் இரண்டு நாளில் கசிந்துவிடும் என்பது அனுபவம். "ஒரு காய்ஞ்ச துணிய எடுத்து ஒத்திப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்பார். அவர்கள் ஒத்திப் பார்த்துச் சொல்வதைக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார்: தேதி, வீடு, பழுது, அதன்பின் அவர்கள் சொன்ன சொற்கள், ஓர் எழுத்தும் மாறாமல். பாராட்டினாலும் அப்படியே, திட்டினாலும் அப்படியே.

காலம் மாறியது. குழாய் உடைந்தால் பக்கத்து வீட்டில் விசாரிப்பதை மக்கள் விட்டுவிட்டார்கள். கைப்பேசியில் 'பக்கத்தில் பிளம்பர்' என்று தட்டினால், வரைபடத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள் எழும். அந்த மூவரில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். நான்காவது ஆளும் நாற்பதாவது ஆளும் ஒன்றுதான். குழாய்க்காரர் பத்தொன்பதாவது ஆள். அழைப்புகள் மெல்லக் குறைந்தன. அப்போது மின்வேலைக்காரர், வண்ணம் பூசுபவர் போன்றோரை வரைபடத்தில் மேலே ஏற்றிவிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு விளம்பரக்காரரை அக்கா வரவழைத்தார். அவர் ஒரே பிற்பகலில் குழாய்க்காரருக்கு ஒரு பக்கம் திறந்து, செய்யும் வேலைகள், நேரம், சுற்றியுள்ள பகுதிகள், பத்துப் படங்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு எழுந்தார்.

"மேடம், என் வேலை முடிஞ்சது. ரிவ்யூ மட்டும் நீங்கதான் வாங்கணும். என்ன பழுது, எப்படிச் சரி பண்ணாங்கன்னு ஜனங்க வாயாலயே வரணும். அப்பதான் மேலே ஏறும்."

"ஜனங்க சொன்னதெல்லாம் என்கிட்ட இருக்கே" என்று அக்கா நோட்டைக் காட்டினார்.

"அட, பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார் அவர், நோட்டைத் திறந்து பார்க்காமலே.

மீதிப் பாதியை அக்கா தம் வழியில் முடித்தார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். மாடி வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொன்னதுபோல் சொன்னார்: "கணக்குத் தொறக்கறது, பாஸ்வேர்டு போடறது எல்லாம் எனக்கு ஆகாதும்மா. சொல்றதைச் சொல்லிட்டேன். என் பேர்ல நீயே போட்டுடு." அக்கா போட்டார். ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு, ஒவ்வொருவர் பெயரிலும் கணக்குத் திறந்து, நோட்டில் இருந்ததைத் தட்டச்சு செய்தார். ஒன்றரை ஆண்டில் எண்பத்தேழு பேர். எல்லாம் அந்த ஒரே கைப்பேசியில், அந்த ஒரே சமையலறையிலிருந்து.

அக்கா அதில் எவ்வளவு நேர்மையாக இருந்தார் என்றால், டீச்சரின் பெயரில் நான்கு நட்சத்திரம்தான் போட்டார்.

"ஏன் நாலு?" என்று கேட்டார் குழாய்க்காரர்.

"மிதியடியில அழுக்குக் காலடி வச்சிட்டுப் போயிட்டாருன்னு சொன்னாங்க."

"அந்த இன்னொரு வீட்டுக்கு ரெண்டு போட்டிருக்கே."

"ஒரு மணி நேரம் லேட்டுன்னு சொன்னாங்க. லேட்டுதானே?"

"பொண்டாட்டியே புருஷனுக்கு ரெண்டு நட்சத்திரம் போடற வீடு இது ஒண்ணுதான் இருக்கும்."

"நான் போடலீங்க. அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன். மூணாவதா ஒண்ணு வேணும்னா என் கணக்குல போடறேன், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கறதில்லைன்னு."

குழாய்க்காரர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் அன்று முதல் எந்த வீட்டுக்குள் நுழையும்போதும் காலணியை வாசலிலேயே கழற்றி வைத்தார்.

பத்தொன்பதாம் இடம் ஒன்பதாயிற்று, ஒன்பது ஐந்தாயிற்று, ஒரு நாள் இரண்டாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு அணைத்துவிட்டுப் போன் எடுக்கவேண்டிய நாட்கள் வந்தன. அந்த நாட்கள் ஏழு மாதம் நீடித்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் மணியடிக்கவில்லை. ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. போன் பழுதோ என்று ஐயுற்று, அக்கா அண்டை வீட்டுப் போனிலிருந்து தம் எண்ணுக்கே அடித்துப் பார்த்தார். நன்றாக அடித்தது. பதினொரு மணிக்கு 'பக்கத்தில் பிளம்பர்' என்று தாமே தட்டினார். மூன்று புள்ளிகள் எழுந்தன. மூன்றும் வேறு யாரோ. பட்டியலைக் கடைசிவரை இழுத்தார். பத்தொன்பதிலும் இல்லை, தொண்ணூறிலும் இல்லை. மின்னஞ்சலில் நான்கு வரி வந்திருந்தது. போலி மதிப்புரைகள் கண்டறியப்பட்டன, எண்பத்தேழும் நீக்கப்பட்டன, பக்கம் முடக்கப்பட்டது, மேல்முறையீடு செய்யலாம்.

'போலி' என்ற சொல்லை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மேசைமேல் விரித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். அறுபத்திரண்டு படங்கள். முறையீட்டுப் படிவம் ஐந்து படங்களுக்குமேல் ஏற்க மறுத்தது. எந்த ஐந்து என்று தேர்ந்தெடுக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. இரண்டு நட்சத்திரம் போட்ட அந்த வீட்டின் பக்கத்தையும் சேர்த்தார். பொய் சொல்பவள் தன் கணவனுக்கு இரண்டு நட்சத்திரம் போடுவாளா என்று யாரேனும் ஒருவருக்குத் தோன்றாதா என்பது அவருடைய நம்பிக்கை. பன்னிரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை.

விளம்பரக்காரருக்குப் போன் செய்தார்.

"நோட்டை யாரு மேடம் பாக்கறா? அங்க மனுஷனே கிடையாது. மெஷின் பாக்குது. ஒரே போன், ஒரே வீடு, எண்பத்தேழு பேர். நீங்களே மெஷினா இருந்தா என்ன நினைப்பீங்க?"

"அத்தனையும் அவங்க சொன்னதுங்க. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கலை."

"தெரியுது மேடம். சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. காசு குடுத்துப் பொய்யா வாங்கியிருந்தீங்கன்னா வேற வேற ஆளு, வேற வேற போன்ல போட்டிருப்பான். மெஷினுக்குத் தெரிஞ்சிருக்காது. பக்கம் இன்னிக்கும் இருந்திருக்கும்."

"அப்ப நான் செஞ்சது?"

"வேற பேர்ல புதுசா ஒண்ணு தொறந்து பாப்போம் மேடம்" என்றார் விளம்பரக்காரர். திறந்தார்கள். அதே வீடு, அதே எண் என்று கண்டுகொண்டு மூன்றே நாளில் அதுவும் முடக்கப்பட்டது. டீச்சர் பேத்தியின் உதவியோடு தாமே எழுதித் தருவதாகச் சொன்னார். எழுதுவதற்குப் பக்கம்தான் இல்லை. அதன்பின் விளம்பரக்காரர் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

குழாய்க்காரர் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் அக்காவை அறுத்தது. அவர் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர். முதல் வாரம் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். இரண்டாம் வாரம் கழிவுக் குழாயைப் பிரித்துப் பூட்டினார். மூன்றாம் வாரம் பழுதுபார்க்க வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. கருவிப் பையைக் கொட்டி, இணைப்புத் துண்டுகளை அளவு வாரியாகத் தரையில் அடுக்கினார். மறுநாள் அவற்றையே மறுபடியும் அடுக்கினார். போன் மணியடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் அழைத்தார்கள்தான். ஆனால் அவர் வேலை பார்த்த குழாய்கள் எளிதில் பழுதாகவில்லை.

"என்னால வந்ததுங்க" என்றார் அக்கா ஒரு நாள்.

"உன்னாலதான் இத்தனை வருஷம் வந்ததும்" என்றார் அவர், கையில் இருந்த முழங்கை இணைப்பைத் துடைத்தபடியே. ஆறுதலாகத்தான் சொன்னார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

நான்காம் மாதம் குழாய்க்காரர் வேலைக்குச் சேர்ந்தார். வரைபடத்தில் முதல் புள்ளியாக எழும் நிறுவனம் அது. அந்த ஒரே நிறுவனத்துக்கு ஒன்பது தெருக்களில் ஒன்பது புள்ளிகள். அவற்றில் இரண்டை அக்கா நடந்துபோய்ப் பார்த்திருந்தார்: ஒன்று பூட்டிய கார் கொட்டகை, மற்றொன்று காலி மனை. மெஷின் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. சேர்ந்த நாளன்று இரண்டு மஞ்சள் சட்டைகள் கொடுத்தார்கள். முதுகில் பெயர், மார்பில் எண். வாடிக்கையாளரிடம் சொந்த எண்ணைக் கொடுக்கக்கூடாது, வேலை முடிந்தபின் தொடர்பு கொள்ளக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். மறுநாள் காலை குழாய்க்காரர் கண்ணாடியைப் பார்க்காமல் சட்டையை மாட்டினார்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு" என்றார்.

"பிடிச்சுத் தைச்சுத் தரேன்" என்றார் அக்கா. சபதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. பேசாமலிருக்க இருவரும் பாடுபட்டார்கள்.

சில வாரங்கள் சென்றன. ஒரு மாலை அவர் வந்து, காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சொன்னார்: "இன்னிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மாடித் தொட்டி வால்வு."

"நமக்கு ஏன் போன் பண்ணலை?"

"போன் மாத்தினாங்களாம். நம்பர் எல்லாம் போயிடுச்சு. நம்ம பக்கம் திரும்ப வந்திருக்கும்னு மேப்ல பேரைப் போட்டுத் தேடினாங்களாம். இன்னும் காணோம்னதும் தொழிலையே விட்டுட்டோம்னு நினைச்சாங்க. முதல்ல தெரிஞ்சதைக் கூப்பிட்டாங்க. கதவைத் திறந்து என்னைப் பாத்துட்டு, 'அட நீயா, உன்னைத்தான் தேடினேன், கிடைக்கலை'ன்னாங்க."

"நம்பர் குடுத்தீங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே."

அக்கா நாட்களை மட்டும் எண்ணினார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, ஜன்னலோரத்துப் போனைக் கையில் எடுத்தார். டீச்சரின் வீட்டுத் தொலைபேசி எண் நோட்டில் இருந்தது. நான்கு இலக்கங்கள் அழுத்தினார். வால்வில் ஈரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விவரம் நிறுவனத்தின் காதுக்கு எட்டினால் அந்த மஞ்சள் சட்டையும் போய்விடும். அழுத்திய இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

அழித்தபின் கை சும்மா இருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தார். புதிய மதிப்புரை மேலேயே இருந்தது. டீச்சர் தம் புதிய போனில், பேத்தி திறந்து கொடுத்த கணக்கில், தம் கையாலேயே எழுதியிருந்தார்: "மாடித் தொட்டி வால்வு கசிந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தார். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மிதியடி சுத்தமாக இருக்கிறது. இப்போது ஈரமில்லை." ஐந்து நட்சத்திரம். ஆளின் பெயர் இல்லை. கீழே நிறுவனத்தின் பதில்: 'எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.'

மாலையில் அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினார்.

"ஈரமில்லையாமா?" என்று கேட்டார் குழாய்க்காரர்.

"இல்லையாம்."

"அப்ப சரி" என்று சொல்லி, மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தாமே கழுவி வைத்தார்.

அக்கா நோட்டை எடுத்துத் தேதி எழுதினார், வீடு எழுதினார், பழுது எழுதினார். டீச்சரின் சொற்களை அப்படியே பார்த்து எழுதினார். யாருக்காக எழுதுகிறோம் என்று பாதியில் ஒரு கணம் பேனா நின்றது. பிறகு மீதியையும் எழுதி முடித்தார். எழுந்து வழக்கம்போல் போனை எடுத்துச் சார்ஜில் போடப் போனார். காலையில் போட்டது, அது இன்னும் நிரம்பியே இருந்தது.