ஒரு தட்டுப் பயம்

எண்பதுகளில் மலாய் நாட்டு ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கேண்டீன் நடத்திய அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. குட்டையான உருவம், தோளில் எப்போதும் ஓர் ஈரத்துணி. பிள்ளைகள் சாப்பிட்டு வைத்த தட்டு ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கழுவப் போடுவார். மிச்சம் இருந்தால் அது யாருடைய தட்டு என்று தேடிப் போவார்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிது. தினமும் பள்ளி வாசலில் என் கையை விடாமல் அழுவாள். கொடுத்தனுப்பிய ரொட்டி அப்படியே திரும்பி வரும். இரண்டாவது வாரம் ஒரு நாள், "அம்மா, இன்னிக்குப் பயம் சாப்பிட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

மலாயில் கீரைக்குப் பெயர் பயம். பசாரில் நாங்களும் அப்படித்தான் கேட்டு வாங்குவோம். ஆனால் இவள் கீரையைக் கண்டாலே ஓடுகிறவள். நம்ப முடியாமல் மறுநாள் கேண்டீனுக்கே போனேன்.

"என்னக்கா செஞ்சீங்க?"

"தோசை மாவுல பயத்தைப் பொடியா வெட்டிப் போட்டு, நடுவுல முட்டை வச்சுக் கொடுத்தேன். தள்ளிடுச்சு. ஏம்மா அழுவுறேன்னு கேட்டேன். பயமா இருக்குன்னுச்சு. அதான் தட்டுல இருக்கே லா, தின்னு தீத்துடுன்னேன். தீத்துடுச்சு."

சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் தூக்கினார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, வாசலில் என் கையை உதறிவிட்டு மகள் ஓடினாள்.

"இன்னிக்கு கேண்டீன்ல பயம் தானாடி?" என்று கத்தினேன்.

"பயம் இல்லம்மா!" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

எதைச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.